4எச் போட்டும் முன்சக்கரம் இழுக்கவில்லையா? எந்தப் பக்கம் கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

சேற்றில் மாட்டிய பிக்கப்பில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போடுகிறீர்கள். பின்சக்கரம் மட்டும் சுற்றிச் சேற்றை வாரி அடிக்கிறது, முன்சக்கரம் அசையவே இல்லை. இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது டிரான்ஸ்பர் கேஸில் இருந்து 4எச்சுக்கு மாற்றித்தரும் மோட்டாரைத்தான். நானும் அப்படித்தான் மோட்டாரை மாற்றினேன். கோளாறு அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், வெடித்துப்போன ஒரு சாண் ரப்பர் ஹோஸ்தான் காரணம். இனி யாரும் அந்தச் செலவைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2எச் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்), 4எச், 4எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும்) என்று மாற்றிக்கொள்ளும் பல வண்டிகளில் இரண்டு இடங்கள் சேர வேண்டும். ஒன்று, டிரான்ஸ்பர் கேஸ். இது இன்ஜின் சக்தியை முன் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு (முன் ஆக்ஸிலைச் சுற்றவைக்கும் நீளத் தண்டு) பிரித்து அனுப்பும். இரண்டாவது, முன் ஆக்ஸிலில் உள்ள இணைப்பு அல்லது சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் ஹப். இரண்டில் ஒன்று விழாவிட்டாலும் (சேராவிட்டாலும்) முன்சக்கரம் இழுக்காது.

படி 1: உண்மையிலேயே கோளாறுதானா?

4எல் போட வண்டி நின்றிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சில மாடல்களில் மட்டும் மெல்ல உருளும்போது போடச் சொல்வார்கள். 4எச்சைப் பல வண்டிகளில் ஓடும்போதே போடலாம். எவ்வளவு வேகம் வரை என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். கையால் திருப்பும் ஹப் என்றால் இரண்டு பக்கமும் லாக்கில் இருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மறந்துபோவது சகஜம்.

டாஷ்போர்டில் 4எச் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே பற்கள் நேருக்கு நேர் வரவில்லை என்பதாலும் அப்படி எரியும். சில மீட்டர் நேராக உருட்டிப் பாருங்கள்.

சோதனையை மண் தரையில் மட்டும் செய்யுங்கள். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். 4எச்சில் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் அந்த வித்தியாசத்தை டயர் வழுக்கித்தான் சரிக்கட்டும். காய்ந்த தார்ச்சாலையில் அது வழுக்காது. இறுக்கம் முழுக்க கியர்களின் மேல் ஏறும். மண்ணில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது வண்டி முட்டி முட்டிப் போனால் 4எச் விழுந்திருக்கிறது. அப்படியும் விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் விளக்குக்கான சென்சார் சுவிட்சிலோ அதன் வயரிலோதான்.

படி 2: ஃப்யூஸ், சத்தம்

ஃப்யூஸைப் பாருங்கள், பேட்டரி பலமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்து, ஒருவர் 4எச் சுவிட்சைத் திருப்ப, இன்னொருவர் டிரான்ஸ்பர் கேஸ் பக்கம் காது கொடுக்கட்டும். ஓரிரு நொடி மோட்டார் ஓடும் சத்தம் கேட்க வேண்டும்.

படி 3: ஒரு முன்சக்கரத்தைத் தூக்குங்கள்

இதுதான் முக்கியமான சோதனை. 4எச் போட்டு மண்ணில் சில மீட்டர் நேராக ஓட்டி, அப்படியே சமமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, இன்ஜினை அணையுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடாதீர்கள். இந்தச் சோதனை முடியும்வரை இன்ஜினைத் தொடவே கூடாது.

இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இயல்பு. அதற்கு மேல் சுற்றவில்லை என்றால் இரண்டு இடமும் சேர்ந்திருக்கிறது. சக்கரம் தாராளமாகச் சுற்றினால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கவனியுங்கள். ஷாஃப்டும் கூடவே சுற்றினால் முன் ஆக்ஸில் பக்கம் நன்றாக இருக்கிறது, டிரான்ஸ்பர் கேஸ்தான் விழவில்லை. சக்கரம் சுற்றியும் ஷாஃப்ட் அசையாமல் நின்றால் கோளாறு ஆக்ஸில் அல்லது ஹப் பக்கம். அன்றைக்கு இதை முதலிலேயே செய்திருந்தால் என் மோட்டார் காசு மிச்சமாகியிருக்கும்.

வேக்குவத்தில் (இன்ஜின் ஹோஸ் வழியாகக் காற்றை உறிஞ்சும் விசை) பூட்டும் ஹப் என்றால் இன்ஜின் அணைந்த பிறகு நேரம் போகப் போக வேக்குவம் குறையும். அதனால் தாமதிக்காமல் சோதியுங்கள்.

படி 4: டிரான்ஸ்பர் கேஸ் பக்கம் என்றால்

மோட்டாரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். சேறும் தண்ணீரும் படும் இடம் என்பதால் பின்கள் பச்சை பூத்திருக்கும். துடைத்து மாட்டினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். சரியாகாவிட்டால், சுவிட்சைத் திருப்பும் நொடியில் மோட்டாருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வந்தும் ஓடவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. வரவில்லை என்றால் சுவிட்ச், ரிலே, கன்ட்ரோல் பாக்ஸ், வயரிங் என்று பின்னோக்கித் தேட வேண்டும். மோட்டார் ஓடியும் விழவில்லை என்றால் உள்ளே ஃபோர்க் அல்லது செயினில் கோளாறு இருக்கலாம். அது பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை, மெக்கானிக்கிடம் விடுங்கள். லீவர் வைத்த வண்டியில் இணைப்புக் கம்பியும் புஷ்ஷும் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 5: ஆக்ஸில் பக்கம் என்றால்

வேக்குவம் வகையில் ஹோஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவி வாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் இன்ஜின் சூட்டுக்கு அருகிலோ வளையும் இடத்திலோ இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஹோஸ் முனையில் விரலை வைத்தால் உறிஞ்ச வேண்டும். ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கு இல்லை. 2004 முதல் வந்த பல ஃபோர்டு எஃப்-150 பிக்கப்களில் வேக்குவம்தான் ஹப்பைப் பிரித்து வைக்கிறது. அதில் ஹோஸ் ஒழுகினால் 2எச்சில் ஓடும்போதே முன்சக்கரத்தில் கரகரவென்று அரைக்கும்.

கையால் திருப்பும் ஹப் என்றால் திறந்து, பழைய கிரீஸைத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். அளவுக்கு மீறிப் பூசினால் அதுவே பூட்டவிடாமல் தடுக்கும்.

சரி, போட்ட 4எச் திரும்ப வரவில்லை என்றால்? லீவரை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். உள்ளே இறுக்கம் ஏறியிருக்கிறது. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும். அடிக்கடி இப்படி மாட்டினால் நான்கு டயரும் ஒரே அளவா, காற்றும் தேய்மானமும் ஒத்துப்போகிறதா என்று அளந்து பாருங்கள்.