கழற்சிக்காயை விதையிலிருந்து வளர்ப்பது

சின்ன வயதில் திண்ணையில் தேய்த்து அடுத்தவர் கையில் சூடு வைத்து விளையாடினோமே, அதே சாம்பல் நிறக் கொட்டைதான். நாட்டு மருந்துக் கடையில் உடைக்காத முழுக் கொட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். கடலில் மிதந்து போய்க் கரையேறி முளைக்கிற விதை இது. ஓடு லேசில் தண்ணீரை உள்ளே விடாது. காயோடு ஒட்டியிருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கத்தை நான் உப்புத்தாளில் தேய்ப்பேன். சாம்பல் பளபளப்பு போய்ப் பழுப்பு தெரியும். பிறகு ஊசிமுனை அளவு வெளிறிய பருப்பு தெரியும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். ஊதியிருந்தால் சரி, இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

மணல் கலந்த செம்மண், ஓர் அங்குல ஆழம், நல்ல வெயில். தண்ணீர் தேங்கக் கூடாது.

இடத்தை மட்டும் முதலிலேயே யோசியுங்கள். இலைக்காம்பு வரை கொக்கி முள். துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டு, அம்மாவின் நல்ல சேலை ஒன்று கிழிந்தது. இப்போது வேலியோரம்தான் நடுகிறேன். பருப்பை மிளகோடு சேர்த்து மருந்தாகக் கொடுப்பார்கள். அளவைச் சித்த மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.