வளங்குன்றா சமுதாய வளாகம்: வடிவமைப்புப் போட்டி நடத்துவது எப்படி?

ஊருக்குப் பொதுவாக இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் நூலகம், அங்கன்வாடி, கூட்ட அரங்கு, சுயஉதவிக் குழுவுக்கான பணிக்கூடம் ஆகியவை சேர்ந்த, தண்ணீரையும் மின்சாரத்தையும் வீணடிக்காத ஒரு வளாகம் எழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த ஒருவரிடம் வரைபடம் வாங்காமல், பலரிடமும் யோசனை கேட்டுச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர்கள் கீழ்க்காணும் வரிசையில் செல்லலாம்.

படி 1: நிலத்தை அறிதல்

பட்டா, புல எண் வரைபடம், மட்ட அளவை (நிலத்தின் மேடுபள்ளக் கணக்கு), மண் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைத் திரட்டுங்கள். வெட்டக் கூடாத மரங்களைக் குறியுங்கள். மே மாதத்திலும் டிசம்பரிலும் கிணற்று நீர்மட்டம் எவ்வளவு, பெருமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதை அங்கே வாழ்கிறவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த விவரங்கள் அலுவலகக் கோப்புகளில் பெரும்பாலும் கிடைக்காது.

படி 2: போட்டிக் குறிப்பேடு எழுதுதல்

என்ன வேண்டும் என்று போட்டியாளர்களுக்குச் சொல்லும் ஆவணம் இது. பெரும்பாலான நேரத்தை இதற்கே செலவிட வேண்டும். 'பசுமையான வளாகம் வேண்டும்' என்று மட்டும் எழுதினால், கூரையில் நான்கு செடிகளை வரைந்து அனுப்பிவிடுவார்கள். அளந்து பார்க்கக்கூடியதாகக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெறும் சென்னையில் 1,000 சதுர மீட்டர் கூரை இருந்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும், 11,20,000 லிட்டர் கிடைக்கும். உங்கள் ஊர் மழையளவைக் கொடுத்து, அந்தத் தண்ணீரைச் சேமிக்கும் தொட்டி எங்கே, எவ்வளவு பெரியது, நிரம்பி வழிவது எங்கே போகும் என்பதை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். பகலில் விளக்கும் விசிறியும் குறைவாகத் தேவைப்படும்படி ஜன்னல்களும் நிழலும் எப்படி அமைகின்றன என்பதை வெட்டுத்தோற்றத்தில் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டி உள்ளே பார்ப்பதுபோல் வரையும் படம்) கேளுங்கள்.

செலவு வரம்பையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா ஹவுஸ் என்ற கலையரங்குக்கு 1957-இல் நடந்த போட்டியில் டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோனின் வடிவம் தேர்வானபோது, அதன் சிப்பி போன்ற கூரை வளைவுகளைக் கட்டும் முறை தீர்மானமாகியிருக்கவில்லை; 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட வேலை, 1973-இல் திறக்கப்பட்டபோது 10.2 கோடியில் வந்து நின்றது. அந்த அழகை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் நம் ஊராட்சிக் கணக்கில் அவ்வளவு பணம் இல்லை.

படி 3: நடுவர்களும் மறைபெயரும்

ஐந்து பேர் போதும்: மூன்று கட்டடக் கலைஞர்கள், நீர் மேலாண்மை தெரிந்த ஒரு பொறியாளர், வளாகத்தைப் பயன்படுத்தப்போகும் ஊர்க்காரர் ஒருவர். அவர்களுடைய பெயர்களை அறிவிப்பிலேயே வெளியிடுங்கள். நடுவர்கள் யார் என்று பார்த்த பிறகே நல்ல கலைஞர்கள் பேனாவை எடுப்பார்கள்.

வரைபடத் தாளின் மூலையில் எண் மட்டுமே இருக்க வேண்டும். அனுப்பியவரின் பெயர், மூடி ஒட்டிய உறைக்குள் இருக்க, நடுவர்கள் முடிவில் கையெழுத்திட்ட பிறகே அதைப் பிரிக்க வேண்டும். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சின்னத்துக்காக 1981-இல் நடந்த போட்டியில், வந்த 1,421 வடிவங்களில் 1026-ஆம் எண்ணைத் தேர்ந்த பிறகுதான், அதை அனுப்பியவர் மாயா லின் என்ற 21 வயது மாணவி என்பது தெரிந்தது. பெயர் தெரிந்திருந்தால் அந்தத் தாளை எத்தனை பேர் பொறுமையாகப் பார்த்திருப்பார்கள்?

படி 4: விதிகளும் பரிசும்

கேள்வி கேட்கக் கடைசி நாள் ஒன்றை வைத்து, ஒருவர் கேட்டதற்கான பதிலை எல்லோருக்கும் அனுப்புங்கள். முதல் பரிசு பணத்தோடு முடியாமல், வளாகத்துக்கான கட்டடக் கலைஞர் பணியும் வென்றவருக்கே என்று எழுதுங்கள். இந்தியாவில் கட்டடக் கலைஞர் என்ற பட்டத்தோடு தொழில் செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும் என்பதால், மாணவர் வென்றால் பதிவு பெற்ற ஒருவரோடு இணைய வேண்டும் என்ற விதியையும் சேருங்கள். தோற்றவர்களின் வடிவங்களை எடுத்தாள மாட்டோம் என்ற உறுதிமொழியும் அவசியம்.

படி 5: தேர்வு

இரண்டு கட்டமாக நடத்துவதே என் பரிந்துரை. முதல் கட்டத்தில் இரண்டே தாள்கள் கேளுங்கள். ஊதியமில்லாமல் இருபது தாள் வரையச் சொல்வது நியாயமல்ல. தேறிய நான்கைந்து பேருக்கு மதிப்பூதியம் கொடுத்து விரிவான வரைபடமும் செலவுக் கணக்கும் வாங்குங்கள். இடையில் அந்த வடிவங்களை, எண்களோடு மட்டும், ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு வாரம் ஒட்டிவைத்து, மக்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி நடுவர்களிடம் சேருங்கள். முடிவுக்கான காரணங்களைப் பங்கேற்ற அனைவருக்கும் எழுத்தில் அனுப்பிய பிறகு, வென்ற வடிவத்தைத் திட்ட அனுமதிக்குக் கொண்டுசெல்லலாம்.