தங்கவயல் குடும்பத்தின் கதையை எழுதப் போகிறவர்களுக்கு

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் வேலையிலிருந்து தொடங்குங்கள். நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த ஊர் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. உங்கள் தாத்தா எந்த சாஃப்டில் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) இறங்கினார், எத்தனையாவது லெவலில் (பூமிக்கடித் தளம்) நின்றார் என்பது எதிலும் இல்லை. நான் இங்குள்ள சுரங்கங்களில் ஒன்றான சாம்பியன் ரீஃபில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா பூமிக்கடியில் டிரில் மிஷின் பிடித்தவர். எங்கள் லைன் பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து வருகிறேன். அதில் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

மூத்தவர்களை முதலில் பாருங்கள். சுரங்கத்தை நடத்திய பிரிட்டிஷ் நிறுவனமான ஜான் டெய்லர் கம்பெனி 1880ஐ ஒட்டி வந்தது. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொள்ளும்வரை சுரங்கம் அவர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று தொண்ணூறை நெருங்கியிருப்பார். அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எந்த வருடம் என்று கேட்டால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். "பெரியப்பா, நீங்கள் சேர்ந்தபோது கம்பெனியா, கவர்மெண்டா? அக்கா கல்யாணத்துக்கு முன்பா, பின்பா?" என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். 1956, மத்திய அரசு எடுத்துக்கொண்ட 1962, அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் உருவான 1972, சுரங்கம் மூடப்பட்ட 2001 பிப்ரவரி 28 ஆகிய நான்கையும் குறித்து வைத்துக்கொண்டால் மற்றவற்றை இடையில் பொருத்திவிடலாம்.

எங்கள் முன்னோர்களில் மிகப் பலர் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து வந்தவர்கள். பூர்வீக ஊர் மறந்துபோயிருந்தால் குலதெய்வத்துக்கு எங்கே போய்ப் பொங்கல் வைத்தார்கள் என்று கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். பௌத்தக் குடும்பமானால் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் இயங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். தமிழ் பௌத்த சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்தைச் சுரங்கத் தொழிலாளர்கள் கூடியிருந்து படித்த ஊர் இது. கூலி வேலைக்கு வந்தவர்கள் என்ற ஒரே வரியோடு அவர்களை முடித்துவிடும் எழுத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வீட்டைப் படம் வரையச் சொல்லுங்கள். மூங்கில் தட்டி வீடா, கல் வீடா? எத்தனை பேர் படுத்தார்கள்? குழாய் எங்கே, வரிசை எவ்வளவு நீளம்? சிவனசமுத்திரத்திலிருந்து 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902இலேயே சுரங்க இயந்திரங்களுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கை எப்போது எடுத்து வைத்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதுங்கள்.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், ஆண்கள் இல்லாத நேரத்தில். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று சிதறும் பாறை வெடிப்பு என்றால் ஆண்கள் எந்த லெவல், எந்தப் பக்கம் என்பார்கள். பெண்கள், தரை அதிர்ந்து பாத்திரம் உருண்டதையும், போட்டது போட்டபடி சாஃப்டு வாசலுக்கு ஓடியதையும், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வரும்வரை நின்றதையும் சொல்வார்கள். யார் பக்கத்தில் நின்றது, யார் வீட்டுக் குழந்தையை யார் பார்த்துக்கொண்டது என்றும் கேளுங்கள். லைன் வாழ்க்கை எப்படி இருந்தது என்பது அந்தப் பதிலில் முழுதாக இருக்கும்.

நுரையீரலைப் பற்றிக் கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். கல்தூசி உள்ளே தங்கிய சிலிகோசிஸை வீட்டில் பலர் வெறும் இருமல் என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். "தாத்தா எந்த வயதில் மேடு ஏறுவதை நிறுத்தினார்? இரவில் படுத்துத் தூங்கினாரா, உட்கார்ந்தா?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருங்கள். பழைய எக்ஸ்ரே பரணில் கிடந்தால் அதன் மேலுள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரங்குப் பெட்டியில் பிஎஃப் சீட்டு, சங்க ரசீது, வேலை அட்டை எதுவாவது அகப்படும். கேட்டு வாங்கிப் படம் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீழ்ச்சியை 2001இலிருந்து எழுதாதீர்கள். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. சாம்பியன் ரீஃபில் ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. அவ்வளவு கீழே காற்றை அனுப்பவும், தண்ணீரை இறைக்கவும், ஆட்களை இறக்கி ஏற்றவும் ஆகும் செலவைத் தங்கம் ஈடுகட்டவில்லை. இந்தக் கணக்கு வீட்டுக்குள் வேறு மாதிரி தெரிந்திருக்கும். மூடப்போகிறார்கள் என்று முதலில் யார் வந்து சொன்னார்? மகனைச் சுரங்கத்தில் சேர்க்க வேண்டாம் என்று எப்போது முடிவுசெய்தார்கள்? குடும்பத்தில் முதன்முதலாக மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனது யார்? அந்த ரயிலில் இன்றும் நம் பிள்ளைகள் இருட்டோடு கிளம்புகிறார்கள். அவர்களையும் பேட்டி எடுங்கள். அவர்களை விட்டுவிட்டால் கதை பாதியில் நிற்கும்.

ஒரே விபத்தை இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். பதிவு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பேசுகிறவரின் பெயர், லைன், தேதி ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லி வையுங்கள். எழுதி முடித்ததும் அவர் வீட்டுக்கே போய் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். பெயர்களைத் திருத்துவார், இரண்டொரு வரிகளை நீக்கச் சொல்வார். நீக்கிவிடுங்கள். ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.