மாரியும் குறுகும் பகலும்: வன்னியில் சைக்கிள் ஓடும் நேரத்தை மாற்றியமைத்தல்

கிளிநொச்சியில் ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மாலை ஆறரை மணியளவில் மறைகிறது. நவம்பர் நடுப்பகுதியில் அது 5.45 ஆகிவிடுகிறது. குளிர்நாடுகளில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இந்த முக்கால் மணி நேரம் ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால், நாலேகாலுக்கு அலுவலகம் முடிந்து, வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்து, ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுப்பவருக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் அன்றைய ஓட்டம் முழுவதும். மாரி முகில் மூடிய நாளில் ஐந்தரைக்கே கண் தெரியாமல் போகிறது. இதனால் ஐப்பசியில் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு மாசியில் மீண்டும் எடுப்பவர்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான்கு மாதம் விட்ட உடம்பை மறுபடி பழக்குவது, அந்த நான்கு மாதமும் குறைத்தாவது ஓடுவதைவிடக் கடினமானது. நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. நேரத்தை மாற்றினால் போதும்.

நேரத்தை எப்படி மாற்றுவது என்பதற்குச் சூரியனே வழிகாட்டுகிறது. வருடத்தின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 அன்று வருகிறது. நமது பகுதியில் அது ஏறத்தாழ 11 மணி 35 நிமிடம். ஆனால் சூரியன் மிக வேளைக்கு மறைவது அன்றைக்கு அல்ல, நவம்பர் நடுப்பகுதியில். மிகப் பிந்தி உதிப்பது ஜனவரியின் கடைசி நாட்களில். நவம்பர் நடுவில் காலை ஆறு மணியளவில் உதிக்கும் சூரியன், ஜனவரிக் கடைசியில் ஆறரைக்குத்தான் வருகிறது. அதே ஜனவரிக் கடைசியில் மாலை வெளிச்சமோ 6.10 தாண்டி நிற்கிறது. அதாவது, மாரியின் முற்பாதியில் நாம் இழப்பது மாலையை, பிற்பாதியில் இழப்பது காலையை. ஆகவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களில் காலையில் ஓடுங்கள். தைப்பொங்கல் கழிந்ததும் மாலைக்கு மாறுங்கள்.

வானிலையும் இந்த ஒழுங்குக்கு ஒத்துவருகிறது. ஒக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் இடியோடு கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில் திரண்டு மாலையில் கொட்டும். காலை வேளை கழுவிவிட்டதுபோல் தெளிந்திருக்கும். தையிலோ மழை குறைந்து, விடியற்காலையில் வயல்வெளியிலும் குளங்களை ஒட்டியும் பனிமூட்டம் இறங்குகிறது. ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் அந்த மூட்டத்துக்குள் விரைந்து வரும் பேருந்தின் சாரதிக்குச் சைக்கிள்காரர் தெரிவதற்குப் பிந்திவிடும். அந்த மாதத்தில் காலை ஏழரைக்கு முன்னர் பெருவீதியில் ஏறாதிருப்பது நல்லது.

மாலைப் பழக்கத்தைக் காலைக்குக் கொண்டுவருவதை ஒரே நாளில் செய்யப் பார்க்க வேண்டாம். புரட்டாதிக் கடைசியிலேயே படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்தள்ளி வாருங்கள். நவம்பரில் 5.40 அளவில் வீதியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும், 5.45க்குப் புறப்பட்டால் ஆறரைக்கு வீடு திரும்பி, குளித்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவும் நேரம் இருக்கும். மாத்திரை எடுக்கும் நீரிழிவு நோயாளர்கள் வெறும் வயிற்றோடு ஓடக்கூடாது. வாழைப்பழம் ஒன்றோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவதும், சட்டைப் பையில் இனிப்பு ஒன்றை வைத்திருப்பதும் அவசியம். இன்சுலின் போடுபவர்கள் நேரத்தை மாற்றுமுன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தூரத்தைக் கணக்கிடும் பழக்கத்தையும் இக்காலத்தில் கைவிட வேண்டும். கோடையில் பரந்தனிலிருந்து ஆனையிறவுக்குப் போய்வர எடுத்த நேரத்தில் மாரியில் அங்கு போய்ச் சேரவே முடியாமல் இருக்கலாம். காரணம் வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு ஆனையிறவு வெளியில் ஒரு பனைகூடத் தடையில்லை. எனவே கிலோமீற்றரை விட்டு நிமிடத்தை எண்ணுங்கள். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்றால் அது நிறைந்துவிடும். போகும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது காற்றோடும் வரும்படி பாதையைத் தெரிவு செய்யுங்கள். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் தெற்கு நோக்கிப் புறப்பட்டவர்கள் இப்போது வடக்கு நோக்கிப் புறப்பட வேண்டும். களைத்த உடம்போடும் நனைந்த உடுப்போடும் எதிர்காற்றில் வீடு திரும்புவதைப்போல மனத்தைச் சோரவைப்பது வேறில்லை. பளைப் பக்கம் ஓடுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அங்குள்ள காற்றாலைகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றனவோ அங்கிருந்துதான் காற்று வருகிறது.

காற்றுக்கு ஒதுக்கமான வழிகளும் உண்டு. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் நோக்கிப் போகும் வீதியில் இரு பக்கமும் காடு காற்றை மறிக்கிறது. ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற இடங்களின் காட்டோர வீதிகளில் விடியலும் அந்தியும் யானைகள் நடமாடும் வேளை. வீதியில் ஈரம் காயாத யானை இலத்தியைக் கண்டால் அன்றைய ஓட்டத்தை அவ்விடத்திலேயே முடித்துத் திரும்பிவிடுங்கள். இத்தகைய வழிகளில் நன்றாக வெளிச்சம் வந்தபின், இருவராக ஓடுவதே தகும்.

இனி வெளிச்சம். மாரிகாலத்தில் சைக்கிள்காரருக்கு முதலாவதாக வேண்டியது மற்றவர்கள் கண்ணில் படுவது. தான் பார்ப்பது அதற்கு அடுத்தது. பழைய லுமாலா, ரலி சைக்கிள்களில் இருக்கும் டைனமோ, ரயரின் பக்கத்தில் உரசி ஓடுவது. ரயர் நனைந்தால் அது வழுக்கும், வெளிச்சம் மினுங்கும். நீங்கள் நின்றால் அதுவும் அணையும். சந்தியில் திரும்புவதற்காக வீதி நடுவில் காத்து நிற்கும் அந்த நேரத்தில்தான் வெளிச்சம் மிகவும் தேவைப்படுகிறது. ஆகவே டைனமோ இருந்தாலும் சார்ஜ் பண்ணும் சிறிய லைற் இரண்டு வாங்குங்கள். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. முன் லைற்றை நேரே நீட்டிவைத்தால் எதிரே வருபவரின் கண் கூசும், உங்களுக்கும் குழி தெரியாது. ஐந்தாறு மீற்றர் முன்னால் வீதியில் விழும்படி சற்றுக் குனித்து வையுங்கள். பின்பக்க மட்காட்டிலும் இரண்டு பெடல்களிலும் ஒளி தெறிக்கும் நாடாவை ஒட்டுங்கள். பெடலில் ஒட்டியது மேலும் கீழும் அசைவதால், வருவது சைக்கிள் என்று தூரத்திலேயே சாரதிக்குப் புரிந்துவிடும். செலவு மிகச் சிறிது, பயனோ பெரிது. பாடசாலைப் பிள்ளைகள் ரியூசன் முடிந்து இருட்டில் திரும்பும் சைக்கிள்களுக்கு இதைப் பெற்றோர் இன்றைக்கே செய்துகொடுக்க வேண்டும். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் மணல் ஏற்றிய டிப்பர்கள் ஓடும் ஓட்டத்தைக் கண்ட எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இருட்டில் உங்கள் கண்ணுக்குப் பிந்தித் தெரிவது மாடுகள். மழை விட்ட இரவில் சூடு ஆறாத தார் வீதியில் அவை கூட்டமாகப் படுத்துக்கொள்ளும். கறுத்த மாடும் நனைந்த தாரும் ஒரே நிறம். முதல் மழைகளுக்குப் பின் ஈசல்கள் லைற்றை நாடி வந்து முகத்தில் மோதும். ஒன்று கண்ணுக்குள் போனாலும் ஹாண்டில் ஆடிவிடும், எனவே நிறமில்லாத சாதாரணக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

பிறேக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் றிம் மினுக்கிய இரும்பு. அது நனைந்தால் இறப்பர்க் கட்டை பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். காய்ந்த வீதியில் நிற்கும் தூரத்தைப்போலப் பல மடங்கு தூரம் போய்த்தான் சைக்கிள் நிற்கும். அலுமினிய றிம் இவ்வளவு மோசமில்லை. இரும்பு றிம் உள்ளவர்கள் செய்ய வேண்டியது இதுதான்: நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னதாகவே பிறேக்கை மெல்லத் தொட்டுப் பிடியுங்கள். சக்கரம் சில சுற்றுச் சுற்றும்வரை ஒன்றும் நடக்காது. றிம்மில் இருந்த தண்ணீர் வழிக்கப்பட்டதும் கட்டை கடிக்கத் தொடங்குவது கைக்குத் தெரியும். அதன்பிறகே அழுத்த வேண்டும். ஒன்றும் நடக்கவில்லையே என்று பதறி இறுக்கிப் பிடித்தால், தண்ணீர் வழிந்த கணத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கிவிடும். வீடு வந்ததும் கட்டைகளைப் பாருங்கள். கிறவல் வீதியின் சிறு கற்கள் இறப்பரில் புதைந்திருக்கும், அவற்றை ஊசியால் கிளறி எடுங்கள். இல்லாவிட்டால் கறக்முறக் என்ற ஒலியோடு றிம்மை அரித்துவிடும். ரயர் காற்றையும் கோடையில் அடிப்பதிலும் சற்றுக் குறைத்து அடித்தால் ஈர வீதியில் பிடிப்புக் கூடும்.

செயினை மழையில் ஓடிய அன்றே பழந்துணியால் துடைக்க வேண்டும். கிறவல் புழுதி எண்ணெயோடு குழைந்தால் அரைக்கும் பசையாகிவிடுகிறது. தையல் மெசின் எண்ணெய் ஒரு மழைக்கே கழுவுண்டு போகும். மாரிக்கு எஞ்சின் ஒயிலைத் துளி துளியாக இணைப்புகளில் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மண்ணெண்ணெயால் கழுவும்போது றிம்மிலும் பிறேக் கட்டையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நமது மார்கழிக் குளிர் இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் தடித்த சுவெற்றர் வியர்வையில் நனைந்து அதுவே குளிரத் தொடங்கும். மெல்லிய மேலுடுப்பும் இடுப்போடு முடியும் மழைக்கோட்டும் போதும். நீண்ட மழைக்கோட்டின் தொங்கல் செயினிலோ சக்கரத்திலோ மாட்டும். கைபேசியையும் பணத்தையும் சொப்பின் பையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் மட்டும் எவரும் துணிச்சல் காட்டக்கூடாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்ட அந்த வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதிகளும் வயல்களும் ஒன்றாகிக் கிடந்ததை நாம் அறிவோம். குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று கேள்விப்பட்டால், அதன் கீழ்ப்பக்கத்துப் பாலங்களும் மதகுகளும் உள்ள வழியை அன்று விட்டுவிடுங்கள். வீதியின் தரை தெரியாதபடி தண்ணீர் ஓடினால், அது முழங்காலுக்குக் கீழே இருந்தாலும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூட இறங்க வேண்டாம். மதகு உடைந்திருப்பதை மேலே ஓடும் கலங்கல் தண்ணீர் காட்டாது. வெள்ளத்தைச் சுற்றிப் போகக் காட்டுக்குள்ளோ பற்றைக்குள்ளோ புதுவழி தேடுவதும் கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நின்ற இடங்கள் நம் மண்ணில் இன்னும் இருக்கின்றன. வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்ததை இடம் மாற்றவும் கூடும். ஊரார் நாளாந்தம் போய்வரும் பாதையில் மட்டும் செல்லுங்கள். அவசர நிலையில் இடர் முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

தேங்கிய வயல் தண்ணீரில் காலை வைத்தவர்கள் எலிக்காய்ச்சலையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் அது யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்தது. காலில் வெட்டுக்காயமோ உரசலோ இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு ஓடுங்கள், திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போய், தண்ணீரில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இடி கேட்டால் ஓட்டம் முடிந்தது என்று கொள்ளுங்கள். குளக்கட்டும் வயல் வரம்பும் வெட்டவெளி. மருதமரமோ பனையோ ஒதுங்கும் இடமல்ல. கட்டடம் ஒன்றுக்குள் போய், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்தபின் புறப்படுங்கள்.

தாழமுக்கம் வந்து நாள்கணக்கில் மழை விடாதபோது சைக்கிளைத் தொடவே முடியாது. அந்நாட்களிலும் காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள்; இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கலைந்துபோவது கால்பலத்துக்கு முன் நேரப் பழக்கம்தான். விறாந்தையில் தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பத்துப் பத்தாகத் தோப்புக்கரணம் போடலாம். பெடலை மிதிக்கும் தொடைத் தசைகளுக்கு அது நேரடியாக உதவும். முழங்கால் நோவு உள்ளவர்கள் பாதி இறங்கினால் போதும். வாசற்படி ஒன்றில் ஏறி இறங்குவதும் நன்று.

தை பிறந்து நீங்கள் மாலைக்கு மாறும் வேளையில் காலபோக அறுவடையும் தொடங்கிவிடும். வெட்டு மெசின்களும் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களும் உள்வீதிகளை நிறைத்துவிடும். பின்லைற் இல்லாத இழுவைப் பெட்டிகளும் அவற்றில் இருக்கும். வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். நெல்மணியின் மேல் ஏறினால் ரயர் உருளும், ஒரு குடும்பத்தின் உழைப்பும் நசியும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வைக்கோல் செயினில் சுற்றிக்கொண்டால் மிதித்து அறுக்கப் பார்க்காமல் நின்று எடுத்துவிடுங்கள். மாலை வயலோரம் கண்ணாடி விரியன் வீதிக்கு ஏறும் காலமும் இதுவே, எனவே கால் ஊன்றுமுன் நிலத்தைப் பாருங்கள்.

மழை முற்றாக விட்டதும், மாசிக்குள், சைக்கிளைக் கடையில் கொடுத்து இரண்டு சக்கரங்களின் நடு அச்சையும் பெடல் அச்சையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மாரித் தண்ணீர் உள்ளே போயிருந்தால் கிறீஸ் பால்போல் வெளுத்திருக்கும். குண்டுகளில் துரு இருந்தால் அவற்றை மாற்றி, புதுக் கிறீஸ் இட்டு, தேய்ந்த பிறேக் கட்டைகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.