வாய் திறந்து கிடக்கும் போர்க்குழிகள்: ஊர் மன்றத் தொண்டர்களுக்கு வேலைக் குறிப்பு

குழந்தைகள் பாதுகாப்பு என்றதும் மன்றங்களுக்கு முதலில் தோன்றுவது பேரணி. பேனர், தொப்பி, மைக் செட்டு என்று செலவழியும் பணத்தை ஊரெல்லையில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை, அதாவது போர்க்குழிகளை, மூடச் செலவிடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது அப்படி ஒரு குழியில்தான். நாட்கணக்கில் மீட்புப் பணி நடந்தும் குழந்தையை உயிரோடு எடுக்க முடியவில்லை. விழுந்தபின் செய்ய முடிவது குறைவு என்பதால் வேலை முழுக்க முன்னாலேயே முடிய வேண்டும்.

மார்ச் முதல் வாரம் தொடங்குவது நல்லது. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் பட்டியலை வைத்துவிட்டால், கோடை விடுமுறையில் பிள்ளைகள் காடு கழனியில் திரியத் தொடங்கும் முன் கையில் ஒரு மாதமாவது இருக்கும்.

இருவர் இருவராகப் பிரிந்து நடந்து தேடுங்கள். அரசுப் பதிவேட்டில் எல்லாக் குழியும் இருக்காது. ஆடு மேய்ப்பவர், மோட்டார் பழுது பார்ப்பவர், போர் வண்டி ஏஜென்ட் இம்மூவரைக் கேட்டால் முக்கால்வாசி கிடைத்துவிடும். நோட்டில் சர்வே எண், நிலத்துக்காரர் பெயர், குழியின் அகலம், ஆழம், மூடி உண்டா, பார்த்த தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் குழிக்கு மட்டும் போதும். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி எடுக்க வேண்டாம்.

அதிக ஆபத்து, மண் சரியாமல் தாங்கும் கேசிங் குழாய் இல்லாத குழிக்குத்தான். தண்ணீர் வராத போரிலிருந்து குழாயை உருவி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாறைக்கு மேலிருக்கும் மண் பிடிமானமின்றிச் சரிந்து, 6½ அங்குல வாய் ஒவ்வொரு மழைக்கும் அகலமாகும். மேலே போட்ட சாக்கும் தென்னை மட்டையும் மக்கிப் புல் முளைத்துவிட்டால் பெரியவர் கண்ணுக்கே தெரியாது. ஆகவே விளிம்பில் நிற்காதீர்கள். நீளமான இரண்டு பலகைகளைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேலிருந்து வேலை செய்யுங்கள்.

நிரப்புவதற்கு முன் கயிற்றில் அரைக் கிலோ எடையைக் கட்டி இறக்கி ஆழம் பாருங்கள். 6½ அங்குலக் குழி 300 அடி ஆழமென்றால் சுமார் 70 கன அடி மண் பிடிக்கும், அதாவது ஒரு யூனிட்டுக்கும் (100 கன அடி) குறைவு. 500 அடிக்கு சுமார் 115 கன அடி. இந்தக் கணக்கு அவசியம். ஏனென்றால் டிராக்டரிலிருந்து ஒரேயடியாகக் கொட்டினால் கல்லும் மண்கட்டியும் நடுவழியில் சிக்கி அடைத்துக்கொள்ளும். கீழே வெற்றிடம், மேலே பார்த்தால் நிரம்பிய குழி. கணக்குப் போட்டதில் பாதி மண்ணிலேயே குழி நிரம்பினால் சந்தேகப்படுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லைச் சலித்து எடுத்துவிட்டு, காய்ந்த மணலையும் பொடிக்கல்லையும் வாளி வாளியாக மெதுவாகப் போடுங்கள். பத்து வாளிக்கு ஒருமுறை கயிறு விட்டுப் பார்த்தால் எங்கே அடைத்தது என்று உடனே தெரியும். கடைசி சில அடிக்குக் களிமண்ணை இடித்து, தரைக்கு மேல் ஓரடி மேடாக விடுங்கள். குப்பையைக் கொட்டிவிடாதீர்கள், பக்கத்துக் கிணற்றுக்காரர் குடிக்கும் தண்ணீரும் அதே நிலத்தடியிலிருந்துதான் வருகிறது.

“அடுத்த மழைக்கு ஊறும், மூடாதீங்க தம்பி” என்று சொல்லும் நிலத்துக்காரர் ஊருக்கு ஊர் உண்டு. அவரோடு வாதாடிப் பயனில்லை. அவருக்கு மூடி போட்டுக் கொடுங்கள். உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்ன அளவு இது: கேசிங்கைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் கான்கிரீட் மேடை, தரைக்குக் கீழே 30 சென்டிமீட்டர், மேலே 30 சென்டிமீட்டர். வாய்க்கு இரும்புத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது போல்ட் நட்டால் இறுக்க வேண்டும். பிவிசி குழாயில் வெல்டிங் நிற்காது என்பதால் அங்கே போல்ட்தான். சும்மா அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் மூடி வெயிலில் நொறுங்கிவிடும், பிள்ளைகளே கழற்றிவிடுவார்கள்.

பயன்பாட்டில் இருக்கும் போரும் மோட்டாரை மேலே தூக்கிய நாளில் திறந்த குழிதான். மெக்கானிக் உதிரிபாகம் வாங்க டவுனுக்குப் போயிருப்பார். மன்றச் செலவில் நாலைந்து இரும்பு மூடி அடித்து, ஊருக்கு வரும் மெக்கானிக்குகளிடம் கொடுத்து வையுங்கள்.

நிலத்துக்காரர் எதற்கும் மசியவில்லை என்றால் பட்டியலின் நகலோடு ஊராட்சிச் செயலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். ஊராட்சிப் பகுதிகளில் கிணறு தோண்டுவதற்கும் பாதுகாப்புக்கும் தமிழக அரசின் 2015ஆம் ஆண்டு விதிகள் உள்ளன.

திறந்த கிணற்றுக்கு மூன்றடிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வசதியில்லாத இடத்தில் கிளுவைப் போத்து (வேலிக்கு நடும் கிளை) நட்டு, இடையில் கம்பி இழுக்கலாம். பக்கத்து மரத்தில், மூடியை இறுக்கிய 5 லிட்டர் காலி எண்ணெய் கேனை 15 மீட்டர் நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நீச்சல் பழக இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிய அதே யோசனைதான். யாராவது விழுந்தால் அவரை நோக்கி இதை வீச ஊராருக்குச் சொல்லிக் கொடுங்கள்; நீச்சல் தெரியாமல் காப்பாற்ற இறங்குபவர் இரண்டாவது ஆளாக மூழ்குவார்.

தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் இன்றும் நடக்கிறது. இரண்டும் நேரத்தைத்தான் தின்னும். வயிற்றிலிருப்பது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கவும் கூடும். மூச்சில்லை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில், நெஞ்சுக் கனத்தில் மூன்றிலொரு பங்கு அமிழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று 108 வரும்வரை தொடருங்கள். ஒரு வயதுக்குள் என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, கன்னம் உப்பும் அளவுக்கு மட்டும் ஊத வேண்டும். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். நுரையீரலில் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். பொம்மை வைத்து ஒருமுறையாவது பழகாமல் இது கைக்கு வராது.

போர்க்குழியில் விழுந்துவிட்டால் 101க்கும் 108க்கும் சொல்லிவிட்டு, கூட்டத்தையும் வண்டிகளையும் தூரத்தில் நிறுத்துங்கள். அதிர்வில் மண் சரியும். பெற்றவர் குரல் மட்டும் குழிக்குள் கேட்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் டிசம்பர் கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு அதே பாதையில் திரும்ப நடக்க வேண்டும். நிரப்பிய குழிகளில் சில ஓரடி, ஈரடி இறங்கியிருக்கும். இரண்டு வண்டி மண் கூடுதலாகப் பேசி வையுங்கள்.