பழைய கடற்கரை மணல்மேட்டின் வயதைக் கண்டுபிடிக்க

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் 'பெர்மாத்தாங்' என்று தொடங்கும் ஊர்கள் பல. பெரும்பாலும் பழைய கடற்கரை மணல்மேடுகள்: வீடும் தென்னையும் மேட்டில், நெல்வயல் பள்ளத்தில். கடல் பின்வாங்கிய வரலாறு வேண்டுமென்றால் ஒரே மேட்டைத் தோண்டிப் பயனில்லை. கரையிலிருந்து உள்நோக்கி ஒரே நேர்கோட்டில் நான்கைந்து மேடுகளையாவது எடுங்கள்.

குவார்ட்ஸ் மணல் வெயில் படாமல் புதைந்த நாள்முதல் சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சைச் சேமிக்கிறது. ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சினால் அது ஒளிர்வாக வெளியேறும். இதுதான் ஓஎஸ்எல் (ஒளியால் தூண்டிய ஒளிர்வு) முறை. சேர்ந்த கதிர்வீச்சு 6 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஆயிரம் ஆண்டுக்குச் சேர்வது 1.5 கிரே என்றால் வயது 4,000 ஆண்டு.

மேட்டின் உச்சியில், வேரும் கறையான் புற்றும் இல்லாத இடமாகப் பார்த்து, நில உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். ஒரு மீட்டர் ஆழம் போதும். மணல் குழி சொல்லாமல் சரியும், தனியாக இறங்க வேண்டாம். குழியின் சுவரைச் செங்குத்தாகச் சீவி, 5 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரும்புக் குழாயைச் சுத்தியலால் கிடைமட்டமாக அடித்து இறக்குங்கள். குழாய் நிறைய வேண்டும். பாதி காலியாக இருந்தால் வரும் வழியில் மணல் குலுங்கி, வெளிச்சம் பட்ட முனை மணல் உள்மணலோடு கலந்துவிடும். இரு முனையையும் மூடி, கறுப்பு டேப் சுற்றி, எது வெளிமுனை என்று எழுதுங்கள். குழாய் இருந்த இடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் இன்னொரு பை மணல் எடுங்கள். கதிர்வீச்சு வீதத்தை அதில்தான் அளப்பார்கள். அதற்கு வெளிச்சம் பட்டால் பரவாயில்லை.

பலர் கோட்டைவிடுவது ஈரத்தில். மணலிடையே உள்ள நீர் கதிர்வீச்சை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தை 1% கூட்டிக் கணக்கிட்டால் வயதும் ஏறத்தாழ 1% கூடும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் தோண்டுவது சுலபம், ஆனால் அன்றைய ஈரம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சராசரி ஆகாது. நிலத்தடி நீர் ஏறி இறங்கிய கறைக்கோடு சுவரில் தெரிந்தால் அதன் ஆழத்தையும் குறியுங்கள்.

ஆய்வகத்தில் சிவப்பு விளக்கொளியில் சல்லடை, அமிலக் கழுவல் எல்லாம் நடக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் எலும்புவரை அரிக்கும், பயிற்சி பெற்றவர் தவிர யாரும் தொடக்கூடாது.

மேட்டில் கிளிஞ்சல் கிடைத்தால் ரேடியோகார்பன் முறையில், அதாவது அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து, வயது பார்க்க ஆசை வரும். அது சிப்பி செத்த காலத்தைத்தான் சொல்லும்; பழைய சிப்பியை அலை பின்னால் கொண்டுவந்து போட்டிருக்கலாம். இரண்டையும் ஒப்பிடும்போது ஓஎஸ்எல் வயது பொதுவாக மாதிரி எடுத்த ஆண்டிலிருந்தும், கார்பன் வயது 1950-இலிருந்தும் எண்ணப்படுவதைக் கவனியுங்கள்.