தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க: வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரு வருஷ வேலை

எங்க வீட்டு ஹால்ல ஒரே இடத்துக்கு மூணு தடவ பெயின்ட் அடிச்சிருக்கேன். மொத தடவ உரிஞ்சப்போ பெயின்ட் மட்டம்னு நெனச்சேன், ரெண்டாவது தடவ பட்டி பாத்தவர் சரியா பாக்கலன்னு நெனச்சேன், மூணாவது தடவ பொத்துக்கிட்டு வந்தப்போதான் அந்த சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு வெளிய போய் பாத்தேன். வரிசையா நான் ஆசையா வச்ச தொட்டிச்செடிங்க, தினமும் ரெண்டு வேளை தண்ணி, வழிஞ்சது மொத்தமும் சுவத்தோரமா தேங்கி உள்ள எறங்கிட்டு இருந்துச்சு. செடிக்கு தண்ணி ஊத்தினதும் நான்தான், பெயின்டருக்கு காசு குடுத்ததும் நான்தான்.

அதுலேருந்து வீட்டு வேலை, தோட்ட வேலைன்னு தனித்தனியா பாக்குறத விட்டுட்டேன். ரெண்டுமே தண்ணி வேலைதாங்க. சுவத்துக்குள்ள போகக்கூடாது, வேருக்கு போகணும், நடுவுல எங்கயும் நிக்கக்கூடாது, அவ்ளோதான். வருஷத்துக்கு என்னென்ன செய்யணும்னு பெரிய லிஸ்ட் எல்லாம் நான் வச்சிக்கிறதில்ல, எந்த மாசம் தண்ணி எங்க இருக்கோ அந்த மாசம் நானும் அங்க இருப்பேன்.

மழைக்கு முன்னாடி

ஒரு மாசம் முன்னாடியே மாடிக்கு ஏறிடுங்க. மேகம் கறுத்ததுக்கு அப்புறம் ஏறினா சருக கூட்ட மட்டும்தான் நேரம் இருக்கும், விரிசல் பாக்க இருக்காது. மொதல்ல கூட்டுங்க, அப்புறம் மழைத்தண்ணி எறங்குற ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி எவ்ளோ வேகமா போகுதுன்னு பாருங்க. இதுக்கு ஏன் இவ்ளோ அலட்டிக்கணும்னா ஒரு சின்ன கணக்கு இருக்கு, 1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டர் இடத்துல விழுந்தா அது சரியா 1 லிட்டர். 80 சதுர மீட்டர் மாடியில 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 4,000 லிட்டர், அது மொத்தமும் ரெண்டே ரெண்டு குழா வழியா எறங்கியாகணும். எங்க வீட்ல ஒரு வருஷம் குழா வளைவுல பசங்க தொலைச்ச பந்து மாட்டிக்கிட்டு மாடி முழுக்க முழங்காலளவு தண்ணி, பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம், எனக்கு கீழ் ரூம் சீலிங்க பாத்து பாத்தே தூக்கம் போச்சு. ஓட்டைக்கு மேல கம்பி வலை போடுறதா இருந்தா தட்டையா போடாதீங்க, கூம்பு மாதிரி உசந்து நிக்கிறத போடுங்க, தட்டை வலைய நாலு எலை சேந்தா மூடிடும்.

விரிசல் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். மாடி முழுக்க தண்ணி அடிச்சு நல்லா நனைச்சுட்டு காய விடுங்க. மேல்தளம் காஞ்சு வெளுத்ததுக்கு அப்புறமும் கறுப்பா கோடு கோடா சில இடம் நிக்கும், உள்ள தண்ணி புடிச்சு வச்சிருக்க விரிசல் அதுதான், மறையுறதுக்குள்ள சாக்பீஸால குறிச்சிடுங்க. அதை வெறும் சிமெண்ட் பால் ஊத்தி அடைக்கிறது பெருசா நிக்காது, ஏன்னா மாடி வெயிலுக்கு விரியும் ராத்திரி சுருங்கும், சிமெண்ட் அதோட சேந்து நெளியாது, அதே கோட்டுல மறுபடி விடும். விரிசல வி மாதிரி கொஞ்சம் கீறி, தூசிய ஊதி எடுத்துட்டு, ரப்பர் மாதிரி இழுபடுற சீலன்ட் அடைக்கணும். கைப்பிடி சுவரும் தளமும் சேர்ற மூலை, குழா தளத்த தொளைச்சிட்டு போற இடம், இந்த ரெண்டையும் மறக்காம பாருங்க, தளத்து நடுவ விட இங்கதான் அதிகமா ஒழுகும்.

ஓட்டு வீடா இருந்தா நகந்த ஓடு, உடஞ்ச ஓடு, கூரையோரத் தகரத்துல அடஞ்ச சருகு. ஏணிய கீழ ஒருத்தர் புடிச்சுக்காம ஏறாதீங்க.

கீழ தரையில, சுவத்துலேருந்து வெளிப்பக்கமா மண்ணு வாட்டமா இருக்கணும். மொத 1 மீட்டருக்கு 5 சென்டிமீட்டராவது எறங்கணும். தோட்டக்காரங்க எல்லாரும் செய்ற தப்பு என்னன்னா வருஷா வருஷம் உரம், மண்ணு, மண்ண மூடுற சருகு மூடாக்குன்னு போட்டுக்கிட்டே வந்து பாத்தி மெதுவா உசந்து வீட்டுத் தரைமட்டத்துக்கே வந்து நிக்கும், அப்போ மண்ணுல இருக்க ஈரம் நேரா சுவத்துக்குள்ள. வீட்டுத் தரைக்கு 15 சென்டிமீட்டர் கீழயே மண்ண நிறுத்திடுங்க.

மழை பெய்றப்போ

நல்ல மழையில கொடைய புடிச்சிட்டு பத்து நிமிஷம் வீட்ட ஒரு சுத்து சுத்தி வாங்க. இடி மின்னல் இருந்தா வேணாம், வெறும் மழையா இருக்கப்போ மட்டும். இந்த பத்து நிமிஷத்துல தெரியுறது வெயில்ல ஒரு நாள் முழுக்க தேடினாலும் தெரியாது, எந்தக் குழா பொங்குது, எந்த சன்ஷேட் தண்ணிய சுவத்து மேலயே திருப்பி விடுது, மேலேருந்து விழுற தண்ணி தரையில பட்டு எவ்ளோ உசரத்துக்கு சுவத்துல தெறிக்குது, எல்லாம் அங்கயே தெரியும். போன்ல வீடியோ எடுத்து வச்சிக்கோங்க, அப்புறமா கொத்தனார் வந்து இங்க எல்லாம் வரவே வராதும்மான்னு சொல்றப்போ ஓட்டிக் காட்ட வசதியா இருக்கும். பசங்கள கூட்டிட்டு போனா காகிதக் கப்பல் விட சொல்லுங்க, கப்பல் எந்தப் பக்கம் போகுதோ அதுதான் உங்க தோட்டத்தோட வாட்டம், எங்க சுத்தி சுத்தி நிக்குதோ அங்க ஒரு குச்சி நட்டுடுங்க.

மழைக்கும் கரண்டுக்கும் ஆகாது. மெயின் போர்டுல டெஸ்ட்னு சின்னதா ஒரு பட்டன் இருக்க சுவிட்ச் இருக்கும், கசிவு வந்தா கரண்ட தானா வெட்டுறது அதுதான், வீட்டுக்கு போடுறது பெரும்பாலும் 30 மில்லியாம்பியர் வகை. மூணு மாசத்துக்கு ஒரு தடவ அந்தப் பட்டன அழுத்துங்க, டப்புனு விழுந்தா நல்லது. விழலைன்னா அன்னிக்கே எலக்ட்ரீஷியன கூப்புடுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்ங்கற வேலை இல்ல இது. அப்படி ஒரு சுவிட்சே போர்டுல இல்லைன்னா மொதல்ல அத போட சொல்லுங்க.

தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டுல தண்ணி நின்னா கொசு வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா கொட்டிட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சிக்கிறோம். வெக்கையான நாள்ல முட்டையிலேருந்து கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால வாரத்துல ஒரே கிழமையா வச்சு கொட்டணும். டெங்கு பரப்புற கொசு முட்டைய தண்ணியோட விளிம்புக்கு மேல ஓரத்துல ஒட்டி வைக்கும், அது காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, திரும்ப தண்ணி பட்டதும் பொரிஞ்சிடும். அதனால கொட்டினதோட விடாம நாரால நல்லா தேச்சு விடுங்க.

செடிங்களுக்கு இந்த நாள்ல செய்யாம இருக்கறதுதான் வேலை. உரம் போடாதீங்க, அப்படியே கரஞ்சு ஓடிடும். எலை மஞ்சளாச்சுன்னா பசின்னு நெனச்சு நாம உரத்த அள்ளிப் போடுறோம், ஆனா வேர் தண்ணியில நின்னு மூச்சு முட்டினாலும் எலை அதே மாதிரிதான் மஞ்சளாகும். தொட்டிய ரெண்டு செங்கல் மேல தூக்கி வச்சு அடி ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க. தொட்டி அடியில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு ரொம்ப நாளா நானும் போட்டுட்டு இருந்தேன். வடியாது. பொடி மண்ணுலேருந்து பெரிய ஜல்லிக்கு தண்ணி சட்டுனு எறங்காம அதுக்கு மேலயே நிக்கும், ஈரம் வேருக்கு இன்னும் கிட்டத்துலதான் வந்து நிக்குது. அடி ஓட்டை மேல ஒரு ஓட்டுத் துண்டு, மண்ணு போகாம இருக்க, போதும்.

மழை விட்டதும்

இப்ப சுவத்த படிக்கலாம். தரையிலேருந்து மேல ஏறி இடுப்புக்கு கீழ நீளமா ஒரு கறை நின்னா அது மண்ணுலேருந்து ஏறுற ஓதம். மழை பெஞ்ச ரெண்டு நாள்ல திட்டு திட்டா வந்து அப்புறம் காஞ்சு போனா தண்ணி வெளிச்சுவர் வழியாவோ மாடி வழியாவோ எறங்குது. மழை இருந்தாலும் இல்லைனாலும் ஒரே மாதிரி ஈரமா இருந்தா உள்ள குழா கசியுது. அப்பவும் சந்தேகமா இருந்தா ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட ரெண்டடிக்கு ரெண்டடி வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டி ரெண்டு நாள் விடுங்க, சுவத்துப் பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்தா ஈரம் சுவத்துக்குள்ளேருந்து வருது, ரூம் பக்கம் கோத்தா அது காத்துல இருக்க ஈரம், அதுக்கு ஜன்னல தொறந்தா போதும்.

வெள்ளையா உப்பு பூத்திருந்தா ஈரத்துணி வச்சு தொடைக்காதீங்க. செங்கல்லயும் சிமெண்ட்லயும் இருக்க உப்பு தண்ணியில கரஞ்சு வெளிய வந்து, தண்ணி ஆவியானதும் மேல தங்கிடுது, நீங்க தண்ணி வச்சா திரும்ப உள்ளயே போயிடும். காஞ்ச பிரஷ்ஷால தேச்சு கூட்டி எடுங்க. அப்புறம் தண்ணி வர்ற வழிய அடைங்க, அப்புறம் காய விடுங்க. இந்த காய விடுறதுதான் யாராலும் முடியாத வேலை. நனஞ்ச சுவர் காய தோராயமா ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மாசம் ஆகும்னு சொல்வாங்க, புதுசா பூசின சிமெண்ட் பூச்சுக்கே 28 நாள் விட்டுத்தான் பெயின்ட் தொடணும். எங்க ஹால் சுவர் அஞ்சு மாசம் உரிஞ்ச கோலத்துலயே நின்னுச்சு, ஒரு படத்தையாவது மாட்டி மறைன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க, காத்து படணும்னு நான் விடல, வர்றவங்க எல்லாம் அந்த சுவத்த பாத்துக்கிட்டே பேசிட்டு போனாங்க.

குளிர் நாள்ல

இது சும்மா இருக்க நேரம். செடி குடிக்கிறது கொறையும், வெரல மண்ணுல ரெண்டு கணு வரைக்கும் விட்டு ஈரமா இருந்தா ஊத்தாதீங்க. பீரோவ சுவத்தோட ஒட்டாம அஞ்சு சென்டிமீட்டர் தள்ளி வைங்க, பின்னாடி பூஞ்சை புடிக்காது. விழுந்த எலைய எரிக்காம மக்க வைங்க, ரெண்டு மூணு பங்கு காஞ்ச சருகுக்கு ஒரு பங்கு பச்சைக் கழிவு, புழிஞ்ச ஸ்பாஞ்சு அளவு ஈரம். நாத்தம் அடிச்சா தண்ணி ஜாஸ்தி, சருக போடுங்க. ஒண்ணுமே ஆகாம கெடந்தா தண்ணி கம்மி.

உள்ள குழாய் வேலைக்கும் இதான் நேரம். செகண்டுக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லின்னு வச்சா 4 லிட்டருக்கு மேல. ராத்திரி எல்லா குழாயும் மூடிட்டு மீட்டர போட்டோ எடுங்க, காலைல யாரும் தண்ணி தொடுறதுக்கு முன்னாடி திரும்ப பாருங்க, ஓடியிருந்தா எங்கயோ கசியுது. ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் கலர் பொடி போட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாம விட்டா, கீழ கலர் எறங்கினா உள் ரப்பர் போச்சுன்னு அர்த்தம். குழாய்க்கு வாஷர் மாத்துறது நீங்களே செய்யலாம், மெயின் வால்வ மூடுங்க, குழாய தொறந்து மிச்ச தண்ணிய விடுங்க, சிங்க் ஓட்டைய துணி வச்சு அடைங்க (இல்லைனா திருகாணி உள்ள போயிடும், அனுபவம்), கழட்டுற ஒவ்வொண்ணையும் கழட்டின வரிசையிலயே தட்டுல வைங்க. மரைக்கு டெஃப்லான் டேப் சுத்துறப்போ மரை உங்கள பாத்து இருக்கணும், கடிகார முள் சுத்துற பக்கமா சுத்தணும், மாத்தி சுத்தினா முடுக்க முடுக்க டேப் பிரிஞ்சு வரும்.

வெயில்ல

செடிக்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிறது அன்பு மாதிரி தெரியும், ஆனா வேர் அந்த மேல் ஈரத்தையே நம்பி மேலயே நிக்கும், ஒரு நாள் மறந்தா வாடிடும். நெலத்துல இருக்க செடிக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ காலைல நல்லா ஆழமா எறங்குற மாதிரி ஊத்துங்க. தொட்டிச்செடிக்கு இது பொருந்தாது, சின்னத் தொட்டி தினமும் காஞ்சிடும். மண்ணுக்கு மேல 5லேருந்து 7 சென்டிமீட்டர் சருகு மூடாக்கு, தண்டு கிட்ட மட்டும் ஒரு கையகலம் விட்டு, தண்டோட சேத்துக் குமிச்சா அழுகும். வெளிச்சுவர் பெயின்டும் இப்பதான், ஆனா உச்சி வெயில் நேரா அடிக்கிற சுவத்துல அடிக்காதீங்க, நெழல் வந்த பக்கமா நகந்துக்கிட்டே போங்க.

லீவுல ஊருக்கு போறப்போ செடிக்கு யார் ஊத்துறதுன்னு எங்க வீட்ல வருஷா வருஷம் சண்டை வரும். இப்ப ஒரு பக்கெட் தண்ணி, தடிமனான பருத்திக் கயிறு, அவ்ளோதான். கயித்த மொதல்ல முழுசா நனைச்சிடுங்க, ஒரு முனை பக்கெட் அடி வரைக்கும், இன்னொரு முனை தொட்டி மண்ணுல நாலு வெரல் ஆழம், பக்கெட் தொட்டிய விட கொஞ்சம் மேல. கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வச்சு பாருங்க, மொத தடவ நான் பாக்காம போயிட்டேன், கயிறு நடுவுல தொங்கி தாழ்ந்து போய் தொட்டிக்குள்ள போகாம அங்கேருந்தே சொட்டு சொட்டா மொத்த பக்கெட்டும் காலி, எங்க சொட்டியிருக்குன்னு பாத்தா, அதே ஹால் சுவத்தோரம்.